குமரி மாவட்டத்துக்கு ரயிலில் வருகிறவர்கள் எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

ரயிலில் குமரி மாவட்டத்துக்கு வருவது என்றாலே நாகர்கோவிலுக்கு டிக்கெட் போடுவதுதான் வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களின் வழக்கம். குடும்பத்தோடு முதல் தடவை வந்தபோது நானும் அதையேதான் செய்தேன். திருவனந்தபுரத்தில் ஏறி, எங்கள் ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷனான இரணியலைக் கடந்து, நாகர்கோவில் ஜங்ஷன் வரை போனேன். நான்கு பெட்டியும் தோளில் தூங்குகிற பிள்ளையுமாக இறங்கி, டாக்சி பிடித்து வந்த திசையிலேயே திரும்பி வந்தேன். முற்றத்தில் நின்ற அம்மா கேட்டார்: “இரணியல்ல எறங்கப்பிடாதா மக்களே?”

திருவனந்தபுரத்திலிருந்து வந்தால் பாறசாலைக்கு அப்புறம் நம் மாவட்டம் தொடங்குகிறது. குழித்துறை மேற்கு, குழித்துறை, பள்ளியாடி, இரணியல், வீராணி ஆளூர், நாகர்கோவில் டவுன், நாகர்கோவில் ஜங்ஷன், சுசீந்திரம், கன்னியாகுமரி என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். திருநெல்வேலி வழியாக வருகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழியும் தோவாளையும். எல்லா ரயிலும் எல்லா இடத்திலும் நிற்காது. எக்ஸ்பிரஸ்கள் பலவும் குழித்துறையிலும் இரணியலிலும் நிற்கும். நடுவில் உள்ள சின்ன ஸ்டேஷன்களுக்குப் பாசஞ்சர்தான்.

மார்த்தாண்டம், களியக்காவிளை, அருமனை, கருங்கல் பக்கத்துக்காரர்கள் குழித்துறையில் இறங்குங்கள். தக்கலை, திங்கள்சந்தை, குளச்சல், மண்டைக்காடு பக்கம் என்றால் இரணியல். பிள்ளைகளுக்குப் பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்ட நினைப்பவர்களுக்கும் இரணியல்தான் வசதி. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று அரண்மனைக்கு விடுமுறை.

நாகர்கோவிலில் இரண்டு ஸ்டேஷன் இருப்பது பலரைக் குழப்பிவிடுகிறது. ஜங்ஷன் இருப்பது கோட்டாறில். டவுன் ஸ்டேஷன் வடசேரிப் பேருந்து நிலையத்துக்குக் கிட்ட. திருநெல்வேலியிலிருந்து கேரளா போகிற ரயில் ஜங்ஷனுக்குள் வந்தால், இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டினால்தான் அந்தப் பக்கம் போக முடியும். இந்த வேலையைத் தவிர்க்க ஒரு இணைப்புப் பாதை உண்டு. அதில் போகிற ரயில்கள் ஜங்ஷனைத் தொடாமல் டவுனில் மட்டும் நின்றுவிட்டுப் போய்விடும். அதனால் டிக்கெட்டில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். என்.சி.ஜே. என்றால் ஜங்ஷன், என்.ஜே.டி. என்றால் டவுன். கூட்டிப்போக வருகிற மச்சானுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். அவர் ஒரு ஸ்டேஷனிலும் நீங்கள் இன்னொரு ஸ்டேஷனிலும் நின்று போன் பண்ணிக்கொண்டிருப்பது எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. கன்னியாகுமரியின் குறியீடு ‘கேப்’. கேப் காமரின் என்ற பழைய பெயர் ரயில்வேயில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பாதைக்கு வயது அதிகமில்லை. திருநெல்வேலிக்கு 1876இலேயே ரயில் வந்துவிட்டது, திருவனந்தபுரத்துக்கு 1918இல். நடுவில் கிடந்த நம் மாவட்டத்துக்குத்தான் வெகுகாலம் எதுவும் வரவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் ரயில் ஏற வேண்டுமானால் பஸ் பிடித்து இந்த இரண்டு ஊரில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். 1972இல் இந்திரா காந்தி கன்னியாகுமரியில் வேலையைத் தொடங்கிவைத்தார். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி ரயில் ஓடத் தொடங்கியது. நாகர்கோவிலையும் திருநெல்வேலியையும் இணைத்த பாதை அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1981இல். கேரளப் பக்கம் முதலில் திறந்தது. அதே 1979இல் ரயில்வே நிர்வாகத்துக்கான திருவனந்தபுரம் கோட்டமும் உருவானது. இன்றைக்கும் நம் மாவட்ட ஸ்டேஷன்கள் அந்தக் கோட்டத்தில்தான் இருக்கின்றன. மதுரைக் கோட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பழையது, எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. தமிழ்நாட்டின் ஒரு மாவட்டம் தன் ரயிலுக்காகப் பக்கத்து மாநிலத் தலைநகரில் மனு கொடுக்க வேண்டியிருக்கிறதே.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். பயண நாளுக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து குறைத்துவிட்டார்கள். பழைய கணக்கை நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். தட்காலில், அதாவது கடைசி நேர முன்பதிவில், எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிட வேண்டாம். 2025 ஜூலையிலிருந்து ஆன்லைனில் தட்கால் போட ஆதார் சரிபார்த்த கணக்கு தேவை. நம்மில் பலரிடம் ஆதாரே கிடையாது. பயணத்தின்போது அடையாளத்துக்கு அசல் பாஸ்போர்ட் காட்டினால் போதும்.

சென்னையில் வந்து இறங்குகிறவர்களுக்கு எழும்பூரிலிருந்து மாலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், விடிந்தால் ஊர். 2024 ஆகஸ்ட் கடைசியிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது. விடியற்காலையில் ஏறினால் மதியத்துக்கு நாகர்கோவில். முடிந்தால் பகலில் வாருங்கள் என்பேன். பணகுடி தாண்டியதும் காற்றாலைகள் தொடங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலை கிட்டே வரும். அதுவரை காய்ந்து கிடந்த மண் கொஞ்ச நேரத்தில் பச்சையாகிவிடும். வாழை, தென்னை, தாமரை படர்ந்த குளம். போன தடவை என் மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு குளமாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

சின்ன ஸ்டேஷனில் இறங்குவதற்குக் கொஞ்சம் தயாராக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம்தான் நிற்கும். முந்தைய ஸ்டேஷன் தாண்டியதும் பெட்டிகளைக் கதவருகே கொண்டுவந்துவிடுங்கள். சில இடங்களில் நடைமேடையின் நீளம் ரயிலைவிடக் குறைவு, கடைசிப் பெட்டிகள் வெளியே ஜல்லி மேல் நின்றுவிடும். ஒருமுறை கும்மிருட்டில் அப்படி இறங்கினேன். கடைசிப் படிக்கும் தரைக்கும் இடையில் என் இடுப்பளவு உயரம். யாரோ ஒரு அண்ணாச்சி கீழே குதித்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். வயதானவர்கள் கூட இருந்தால் நடுப்பெட்டிகளில் இடம் கிடைக்கிறதா பாருங்கள். ஹால்ட் என்கிற மிகச் சின்ன ஸ்டேஷன்களில் பொதுவாக ஏஜென்ட்தான் டிக்கெட் கொடுப்பார், முன்பதிவுக்கு அங்கே போகாதீர்கள். பாசஞ்சருக்கு 10 ரூபாயிலிருந்து டிக்கெட் உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் திருவனந்தபுரம் போகிற ரயிலும் மாலையில் திரும்புகிற ரயிலும் வேலைக்கும் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களால் நிறைந்திருக்கும். பெரிய பெட்டிகளோடு அதில் ஏறி அவர்களையும் சிரமப்படுத்த வேண்டாம். மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவின்போது இரணியலில் இறங்குகிற கூட்டம் தனி. நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கோட்டாறு சவேரியார் திருவிழா, அப்புறம் கிறிஸ்துமஸ் விடுமுறை. இந்த மாதங்களில் வருகிறவர்கள் முன்பதிவு திறந்ததும் முடிந்த அளவு சீக்கிரம் டிக்கெட் போட்டுவிடுங்கள்.

திரும்பும்போது திருவனந்தபுரத்தில் விமானம் என்றால், ரயிலை மட்டும் நம்பிக் கணக்குப் போட வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பக்கம் இரட்டைப் பாதை வேலை இன்னும் முடியவில்லை, எதிரே வருகிற ரயிலுக்காக நிறுத்திப் போட்டுவிடுவார்கள். உங்கள் ரயிலுக்கு அப்புறம் இன்னொரு ரயில் இருந்தும் விமானத்தைப் பிடிக்க முடிகிற மாதிரி முன்னதாகவே கிளம்புங்கள். திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் இறங்கி ஆட்டோ ஏறும்போது ‘ஏர்போர்ட்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வெளிநாட்டு விமானங்களுக்குச் சாக்கைப் பக்கம், உள்நாட்டுக்குச் சங்குமுகம் பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுதளத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.