‘ப்ராமிசிங்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தும் விதம்

வாக்குறுதி என்று பொருள்படும் ‘ப்ராமிஸ்’ என்ற சொல்லிலிருந்து பிறந்திருந்தாலும், ‘ப்ராமிசிங்’ என்பது பெயரடையாக வரும்போது, இனி நன்றாக வரும் என்ற நம்பிக்கையைத் தருகிற ஒன்றையே குறிக்கிறது. முதற்கட்டச் சோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் ‘தி ரிசல்ட்ஸ் லுக் ப்ராமிசிங்’ என்றால், நோய் தீர்ந்துவிட்டது என்று பொருளன்று. தீர்வதற்கான அறிகுறி தென்படுகிறது, அவ்வளவுதான். நம்பிக்கை தருவது ‘ப்ராமிசிங்’; நம்பிக்கையோடு இருப்பவரைச் சொல்ல ‘ஹோப்ஃபுல்’ வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்: ‘ஐ ஆம் ப்ராமிசிங்’ என்று நிறுத்தினால், நீங்கள் என்ன வாக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்பவர் காத்திருப்பார். வளர்ந்துவரும் இளைஞரை ‘எ ப்ராமிசிங் பிளேயர்’ எனலாம்; 20 ஆண்டுகள் ஆடிச் சாதித்தவரை அப்படிச் சொன்னால் அது பாராட்டாகாது.