நண்பர்கள் நகைச்சுவைப் படம்: முரண்பட்ட கருத்துகளைப் படித்து முடிவெடுப்பது எப்படி?

எம். ராஜேஷ் இயக்கத்தில் ஆர்யா சரவணனாகவும் சந்தானம் வாசுவாகவும் நடித்த 'வாசுவும் சரவணனும் ஒண்ணா படிச்சவங்க' 2015 ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை வெளியானது. ஆர்யாவுக்கு அது 25ஆவது படம். பார்த்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் இரண்டரை மணி நேரம் போனதே தெரியவில்லை என்றார்கள். மீதிப் பேர் இதே படத்தைத்தான் ராஜேஷ் எத்தனை முறை எடுப்பார் என்று சலித்துக்கொண்டார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பவர் இந்தக் கருத்துகளை எப்படிப் படிக்க வேண்டும்? அந்தப் படத்தையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். இதே வகையில் அடுத்து வரும் எந்தப் படத்துக்கும் இது பொருந்தும்.

முதலில், நண்பர்கள் நகைச்சுவைக்கு மட்டும் கருத்து ஏன் இவ்வளவு கூர்மையாகப் பிளக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கவுண்டமணி–செந்தில் காலத்தில் பல படங்களில் நகைச்சுவை என்பது தனி டிராக். அதை எழுதுவதற்கென்றே ஏ. வீரப்பன் போன்றவர்கள் இருந்தார்கள். 'கரகாட்டக்காரன்' (1989) கதையில் மனம் ஒட்டாதவர்கூட வாழைப்பழக் காட்சிக்குச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நகைச்சுவை பிடிக்காதவர் அந்த நேரத்தில் முறுக்கு வாங்க எழுந்து போகலாம். ராஜேஷ் தம்முடைய முதல் படமான 'சிவா மனசுல சக்தி'யிலும் (2009), அடுத்த ஆண்டு வந்த 'பாஸ் என்கிற பாஸ்கரன்' படத்திலும் இந்தத் தடுப்புச் சுவரை எடுத்துவிட்டார். சந்தானம் நாயகனின் தோளோடு தோளாக முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை வருகிறார். கதை நகர்வதும் நிற்பதும் அவர்கள் இருவரின் பேச்சில்தான். ஆகவே அந்தக் கலாய்ப்பு பிடித்தவருக்கு முழுப் படமும் பிடிக்கிறது, பிடிக்காதவருக்கு ஒதுங்க இடமே இல்லை. அவ்வகைப் படத்தைப் பற்றி "சுமார்" என்ற நடுநிலைக் கருத்து குறைவாகவும், இரண்டு ஓரங்களிலும் நிற்கும் கருத்துகள் அதிகமாகவும் இருப்பது இயல்பு.

எனவே ஒருவர் தந்த நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன்பு, அவர் யாரோடு, எந்தக் காட்சிக்குப் போனார் என்று தேடுங்கள். பெரும்பாலும் அது எழுத்திலேயே கசிந்துவிடும். "பசங்களோட போனோம்" என்று தொடங்கும் கருத்தும் "குழந்தைகளைக் கூட்டிட்டுப் போயிட்டு" என்று தொடங்கும் கருத்தும் இரு வேறு படங்களைப் பற்றியவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் இந்தப் படத்தை முதலில் கல்லூரி நண்பர்கள் ஆறு பேரோடு திரையரங்கில் பார்த்தேன். எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. சந்தானம் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்தது என்பதுதான் உண்மை. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். முதலிரவுக் காட்சியில், அதாவது வாசுவின் மனைவி சீமா, "உன் நண்பனை விட்டுவிட்டு வா" என்று நிபந்தனை போடும் இடத்தில், எங்கள் வரிசை கைதட்டியது, அந்தக் கணவர் குலுங்கிச் சிரித்தார், அந்தப் பெண் கைப்பேசியை எடுத்து நேரம் பார்த்தார். அவர்கள் இருவரும் அன்றிரவு தனித்தனியாகக் கருத்து எழுதியிருந்தால் ஒரே வீட்டிலிருந்து இரண்டு தீர்ப்பு வந்திருக்கும்.

அடுத்து, திரும்பத் திரும்ப வரும் சில சொற்களுக்கு உள்ளர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். "ஒரு தடவை பார்க்கலாம்" என்பதற்குப் பெரும்பாலும் "நான் பணம் கொடுத்துவிட்டேன், நீங்கள் அவசரப்பட வேண்டாம்" என்றுதான் பொருள். "லாஜிக் பார்க்காதீங்க" என்று ஒருவர் முன்கூட்டியே எச்சரித்தால், எழுதியவரே ஓரிடத்தில் லாஜிக் பார்த்துச் சங்கடப்பட்டிருக்கிறார். "மொக்கை" என்பது தனியாக வந்தால் பயனற்ற சொல். எந்த வசனம் மொக்கை என்று கூடவே சொல்லப்பட்டால் மட்டும் மதியுங்கள், ஏனெனில் மொக்கையை ரசிப்பதற்கென்றே போகிறவர்களும் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். இவை எல்லாவற்றையும்விட அதிகம் தென்படுவது "முதல் பாதி ஓகே, ரெண்டாம் பாதி இழுவை" என்பது. இதைச் சோம்பேறித்தனமான வாசகம் என்று தள்ளிவிடாதீர்கள். இந்த வகைப் படத்தில் அதற்கு உறுதியான காரணம் ஒன்று உண்டு: நண்பர்கள் சேர்ந்திருக்கும்வரை நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவர்களைப் பிரித்தால்தான் கதை, பிரித்ததும் ஒருவரை ஒருவர் கலாய்க்க ஆளில்லாமல் திரை வெறிச்சோடிவிடுகிறது. பிரிவை எவ்வளவு நேரம் நீட்டினார்கள், சண்டைக்குள்ளேயும் சிரிப்பை வைத்திருந்தார்களா என்று சொல்லும் கருத்து கிடைத்தால் அதுதான் பத்துக் கருத்துக்குச் சமம்.

ஒப்பீட்டுக் கருத்துகளைக் கொஞ்சம் நிதானமாகக் கையாள வேண்டும். 'வாசுவும் சரவணனும்' வந்தபோது மிக அதிகமாகச் சொல்லப்பட்ட குறை, "பாஸ் மாதிரி இல்லை" என்பதே. இந்த வாக்கியத்துக்குள் இரண்டு வெவ்வேறு புகார்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று சலிப்பு: 2009, 2010, பிறகு 2012இல் 'ஒரு கல் ஒரு கண்ணாடி', 2013இல் 'ஆல் இன் ஆல் அழகுராஜா' என்று ஐந்தாவது முறையாக அதே இயக்குநர், அதே சந்தானம், அதே வேலையற்ற வீராப்பு. இதைச் சொல்பவர் எல்லாவற்றையும் பார்த்தவர். நீங்கள் ஒன்றிரண்டை மட்டும் பார்த்திருந்தால் அவருடைய சலிப்பு உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. இன்னொன்று உண்மையான குறை, இதைத்தான் பிரித்தெடுக்க வேண்டும். 'பாஸ்' படத்தில் பாஸ்கரனுக்கும் (ஆர்யா) நல்லதம்பிக்கும் (சந்தானம்) செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. அரியர் எழுதித் தேறாத ஒருவன் தனிப்பயிற்சி மையம் தொடங்குகிறான், சலூன்காரன் கூட்டாளியாகிறான், கடன் கொடுத்த ராஜேந்திரன் தன் வீட்டுப் பையனைத் தேர்ச்சி பெறவைக்கச் சொல்கிறார். சிரிப்பு அந்த நெருக்கடியிலிருந்து வந்தது. 'வாசுவும் சரவணனும்' படத்திலோ நட்புதான் பேச்சு, நட்புதான் பிரச்சினை, நட்புதான் தீர்வு. "நண்பேன்டா" என்ற ஒரு சொல் 'பாஸ்' படத்தில் கறிவேப்பிலை மாதிரி விழுந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதையே குழம்பாக்கிப் பரிமாறினால் எப்படி? எனக்கு இரண்டாவது புகாரில் உடன்பாடு உண்டு, முதலாவதில் இல்லை.

பெண்கள் எழுதிய கருத்துகளைத் தனியாக எடுத்துப் படியுங்கள். நண்பர்கள் படத்தை ஆண்கள் சரியாக மதிப்பிட மாட்டார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தச் சூத்திரத்தில் நகைச்சுவையின் செலவை ஏற்பவர்கள் பெரும்பாலும் பெண் பாத்திரங்களே என்பதால் சொல்கிறேன். நண்பனுக்கு வரப்போகும் மனைவியைச் சரவணன் திருமணத்துக்கு முன்பே நேர்காணல் செய்வதுபோல் கேள்வி கேட்டுச் சோதிப்பதிலிருந்துதான் கதை தொடங்குகிறது. அதற்குக் கோபப்படும் சீமாவின் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் படம் அவளை நட்புக்கு வந்த இடைஞ்சலாகவே நிறுத்துகிறது. நாயகி மறுக்க மறுக்க நாயகன் பின்தொடர்வதும் இந்த வகைக்குப் பழகிப்போன வழி. ஒருவர் இதைக் குறை சொன்னால் ரசனை வேறுபாடு எனலாம். ஒருவரையொருவர் அறியாத நான்கைந்து பெண்கள் ஒரே காட்சியைச் சுட்டிக்காட்டினால் அது படத்தில் இருக்கும் பழுது. அந்தக் காட்சியைத் தாண்டிச் சிரிக்க உங்களால் முடியுமா என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொண்டால் போதும்.

குடிக்காட்சி பற்றிய குறைகளுக்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. தலைப்பின் எழுத்துகளைச் சுருக்கி 'வி.எஸ்.ஓ.பி.' என்று விளம்பரப்படுத்திய படம் அது; பிராந்தி பாட்டிலில் அச்சிடும் நான்கு எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டவர்கள் மோர்ப் பந்தல் நடத்துவார்கள் என்று எதிர்பார்த்துப் போனவரின் ஏமாற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர் மட்டும் இந்தக் கருத்துகளை முதலில் படிக்கட்டும்.

கருத்து எந்த நாளில் எழுதப்பட்டது என்பதையும் கவனியுங்கள். முதல் நாள் முதல் காட்சிக்குப் போகிறவர் பெரும்பாலும் நடிகரின் ரசிகர், அல்லது முதல் ஆளாகக் கருத்துச் சொல்ல விரும்புகிறவர். இரண்டு பேருமே சாதாரணப் பார்வையாளர் அல்லர். திங்கட்கிழமைக்குப் பிறகு வரும் கருத்துகளில் சூடு குறைவு, விவரம் அதிகம்.

நீங்களே கருத்து எழுதும்போது, சிரித்த ஓர் இடத்தையும் நெளிந்த ஓர் இடத்தையும் வசனத்தை உடைத்துவிடாமல் குறிப்பிடுங்கள். யாரோடு பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். "எனக்குச் சிரிப்பு வரவில்லை" என்பதற்கும் "இதில் சிரிப்பே இல்லை" என்பதற்கும் உள்ள இடைவெளியை மறக்காதீர்கள். அரங்கம் சிரித்தபோது நீங்கள் சிரிக்கவில்லை என்றால் இரண்டையும் எழுதுங்கள், படிப்பவருக்கு இரண்டும் தேவை.

எவ்வளவு படித்தும் முடிவுக்கு வர இயலவில்லை என்றால் தொலைக்காட்சிக்கு விட்டுவிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: நகைச்சுவை அலைவரிசைகள் படத்தைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகக் காட்டும், துண்டுகளில் இந்த வகைப் படம் எப்போதும் முழுப் படத்தைவிட நன்றாகவே இருக்கும். அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டு "சூப்பர் படம், ஏன் ஓடலைன்னு தெரியலை" என்று எழுதுகிறவர்கள் ஏராளம். என் அம்மா அப்படித்தான் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வாசுவையும் சரவணனையும் பார்த்து இன்றும் சிரிக்கிறார். முழுப் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டியபோது, சீமா அழும் இடத்தில் எழுந்து போய் மாவு ஆட்டத் தொடங்கிவிட்டார்.