பிரேக் டிஸ்க்: லேத்தில் சீவலாமா, புதுசு போடலாமா? வீட்டிலேயே செய்யும் முறை

80-ல் போகும்போது பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா? பெடல் காலுக்கடியில் துடிக்கிறதா? "டிஸ்க் வளைஞ்சிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள் மெக்கானிக்குகள். வீலோடு சேர்ந்து சுற்றும் இந்த வார்ப்பிரும்பு டிஸ்க் அவ்வளவு லேசில் வளையாது. பெரும்பாலும் அதன் தடிமன் ஓரிடத்தில் குறைந்து ஓரிடத்தில் கூடியிருக்கும். 0.02 மி.மீ. வித்தியாசமே காலில் தெரியும். அது ஏன் வந்தது என்று பார்க்காமல் புதுசு போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பழையபடி உதறும். என் ஸ்விஃப்டில் முன் டிஸ்க் மாற்றியபோது பாதி நேரம் இதற்குத்தான் போனது.

ஜாக்கி போட்டு வீல் கழற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வெறும் ஜாக்கியை நம்பிக் கை வைக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

1. முதலில் அளவு

டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். துரு மூடியிருந்தால் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பில் வரப்பு மாதிரி ஒரு மேடு நிற்கும். வெர்னியரை அப்படியே வைத்தால் மேட்டைத்தான் அளக்கும். இரண்டு பக்கமும் ஒரு ரூபாய் நாணயம் வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். சுற்றிலும் எட்டு இடத்தில் ஒப்பிட மைக்ரோமீட்டர்தான் வேண்டும், வெர்னியருக்கு அந்த நுணுக்கம் போதாது.

சீவிய பிறகும் டிஸ்க்கில் பொறித்த அந்தக் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் தாராளமாக மிஞ்சினால் மட்டும் லேத். விளிம்பிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், புதுசு.

2. கழற்றுவது

டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வும் காலிப்பரைக் கழற்றியதும் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. பிறகு காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றுங்கள். டிஸ்க் துருவில் ஒட்டிக்கொண்டு வரவில்லையா? பல மாருதி, ஹோண்டா டிஸ்க்குகளில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும். எட்டு மில்லி போல்ட்டுகளை விட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே தள்ளும். ஹோண்டாவில் இரண்டு ஸ்க்ரூக்களை முதலில் எடுக்க வேண்டும். சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள், தலை மழுங்கிவிடும்.

3. ஹப்: இங்கேதான் விஷயம்

டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தைப் பாருங்கள். வீல் போல்ட்டுகளின் அடியைச் சுற்றித் துரு வளையமாகக் கட்டியிருக்கும். ஹப் சின்னது, டிஸ்க் பெரியது. உள்ளே ஒரு துகள் துரு சிக்கினாலும் வெளி ஓரத்தில் ஆட்டம் பெருகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடில் (காலிப்பருக்குள் டிஸ்க்கை அழுத்தும் கட்டை) உரசி உரசித் தேயும். தடிமன் வித்தியாசம் இப்படித்தான் பிறக்கிறது.

போல்ட் அடிக்கு ஒயர் பிரஷ் சரியாக நுழையாது. போல்ட் மேல் நுழையும் அளவுக் குழாய்த் துண்டின் நுனியில் எமரி ஷீட்டை வட்டமாக வெட்டி ஒட்டி, கையால் சுழற்றித் தேயுங்கள். நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. பழைய டிஸ்க்கையே மாட்டுவதென்றால் அதன் உட்புறமும் இப்படியே. இந்த முகத்தில் கிரீஸ் அப்ப வேண்டாம்.

டிஸ்க்கை வைத்து வீல் நட்டுகளை முறுக்கி, டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுற்றுங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. கூடினால் டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி அளங்கள்.

4. லேத்துக்குக் கொடுப்பதென்றால்

இரண்டு முகத்தையும் ஒரே பிடியில் சீவச் சொல்லுங்கள். திருப்பிப் பிடித்தால் முகங்கள் இணையாக வராது. வண்டியில் மாட்டியபடியே சீவும் மெஷின் உங்கள் சர்வீஸ் சென்டரில் இருந்தால் அதுதான் என் முதல் தேர்வு. ஹப்பின் ஆட்டத்தையும் சேர்த்தே சரிசெய்துவிடும்.

5. மாட்டுவது

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் துடையுங்கள். புது டிஸ்க்குக்குப் புது பேட்தான். காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டனை சி-கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ளும்போது ஆயில் டப்பாவைக் கவனியுங்கள். பிரேக் ஆயில் வழிந்தால் பெயின்ட்டை அரிக்கும். காலிப்பர் நகரும் ஸ்லைடர் பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும், சாதாரண கிரீஸில் ரப்பர் உப்பிவிடும்.

வீல் நட்டை எதிரெதிராக, டார்க் ரெஞ்சில், மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். கன் வைத்து ஏனோதானோவென்று இறுக்கினால் டிஸ்க் கோணும். வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதிக்குப் பிரேக் பிடிக்காது.

கடைசியாக, பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, காலியான சாலையில் 60-லிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். நடுநடுவே ஆற விடுங்கள்.

பின்சேர்க்கை: பின் டிஸ்க்குக்கும் இதேதானா என்று கேட்டிருந்தார்கள். இல்லை. ஹேண்ட் பிரேக் காலிப்பரிலேயே இருந்தால் பல கார்களில் பிஸ்டனைச் சுழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும், கிளாம்ப் போட்டால் உள்ளே உடையும். பட்டனில் இயங்கும் எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் மோடுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பல வண்டிகளில் ஸ்கேனர் தேவை. அது கையில் இல்லையென்றால் பின்பக்கத்தை சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிடுங்கள்.