சிவப்பைப் பார்த்ததும் நம்பிவிடாதீர்கள்: எண்டோதீலியல் செல்லும் கால்சியம் படிவும்

ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் கால்சியம் படிந்திருக்கிறதா என்று அலிசரின் ரெட் என்ற சாயம் இட்டுப் பார்ப்பார்கள், படிந்த இடம் சிவக்கும். இரத்தக் குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்காகப் போர்த்தியிருக்கும் எண்டோதீலியல் செல்கள் கால்சியம் படிவதில் இரண்டு வழிகளில் பங்கெடுக்கின்றன. அழற்சி வந்தால், எலும்பு உருவாவதைத் தூண்டும் பிஎம்பி-2 போன்ற புரதங்களைச் சுரந்து, பக்கத்துத் தசைச் செல்களை எலும்புச் செல் போல நடந்துகொள்ளத் தூண்டும். இல்லையென்றால் தாங்களே பழைய அடையாளத்தை விட்டு எலும்புச் செல்லின் பக்கம் சாயும். கால்சியம் படிவதைத் தடுக்கும் மேட்ரிக்ஸ் ஜிஎல்ஏ புரதம் இல்லாத எலிகளில் இந்த இரண்டாவது மாற்றத்தைப் பார்த்திருக்கிறார்கள். எதைச் சோதிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் சோதனையே வேறு.

இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். பழைய பாசேஜ் செல்கள், அதாவது பலமுறை பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்தவை, வேண்டாம். தொடங்கும் நாளிலேயே, எண்டோதீலியல் செல்லின் அடையாளப் புரதமான விஇ-கேட்ஹெரினுக்குச் சாயமிட்டுப் பாருங்கள், தேனடை போல செல் ஓரங்கள் எல்லாம் ஒளிர வேண்டும். இதை விட்டுவிட்டால், ஆரம்பத்திலேயே கலந்திருந்த நாலைந்து தசைச் செல்கள் மூன்று வாரத்தில் பெருகி நிற்பதைப் பார்த்து, செல் மாறிவிட்டது என்று எழுதிவிடுவோம்.

அப்புறம் மீடியம், அதாவது செல்களை வளர்க்கும் திரவம். படிவைத் தூண்ட, பாஸ்பேட் தரும் பீட்டா கிளிசரோபாஸ்பேட் வழக்கமாக 10 மில்லிமோலார் சேர்ப்பார்கள். அதை உடைத்துப் பாஸ்பேட்டை விடுவிக்கும் நொதி, மீடியத்தில் கலக்கும் சீரத்திலும் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) இருப்பதால், செல்லே இல்லாமலும் கால்சியம் பாஸ்பேட் படிகம் விழலாம். செத்த செல்லின் துணுக்குகளிலும் படிகம் ஒட்டும். அதனால் ஒவ்வொரு தட்டிலும் செல் இல்லாத குழி ஒன்று, ஃபிக்ஸ் செய்து (வேதிப்பொருளால் அப்படியே நிலைப்படுத்தி) கொன்ற செல்கள் உள்ள குழி ஒன்று கட்டாயம் வையுங்கள். முதல் முறை எனக்கு வெறும் குழியே சிவந்தது, மூன்று வார உழைப்பு போனது.

அலிசரின் ரெட் கரைசலின் பிஹெச் 4.1 முதல் 4.3 வரை இருக்கட்டும். இவ்வளவு நாள் வளர்ந்த செல்கள் ஓரத்திலிருந்து பாய் சுருட்டுவது போல உரிந்து வரும், எனவே நேராக ஊற்றாமல் சுவரோரமாக மெதுவாக விடுங்கள்.

சிவப்பு வந்தால் கால்சியம் இருக்கிறது, அவ்வளவுதான். விஇ-கேட்ஹெரின் குறைந்து, எலும்புச் செல்லின் அடையாளங்களான ரன்க்ஸ்2, ஆஸ்டியோபான்டின் ஏறுகிறதா என்றும், இடைப்பட்ட நாட்களில் ஒரே செல்லில் இரண்டு அடையாளமும் சேர்ந்து தெரிகிறதா என்றும் பாருங்கள். அந்தப் படம்தான் உண்மையான ஆதாரம்.

முதல் வழியை (தசைச் செல்களைத் தூண்டுவது) சோதிக்க, எண்டோதீலியல் செல்கள் இருந்த மீடியத்தைப் புது மீடியத்தோடு பாதிக்குப் பாதி கலந்து தசைச் செல்களுக்குக் கொடுங்கள். இன்னொரு குழியில் பிஎம்பியைத் தடுக்கும் நாகின் என்ற புரதத்தைச் சேர்த்து, படிவு குறைகிறதா என்று ஒப்பிடுங்கள்.