சுரங்க ஊரின் பழைய சம்பளச் சீட்டை வாசிப்பது எப்படி

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநில நிலக்கரி ஊர்களின் பழைய சம்பளச் சீட்டு கிடைத்தால் பலரும் கடைசி வரியைத்தான் தேடுவார்கள். நான் மேலிருந்தே தொடங்கச் சொல்வேன்.

முதலில் எத்தனை டன் என்று பாருங்கள். நிலக்கரி வெட்டி ஏற்றியவர்களுக்கு எடைக்குத்தான் கூலி. ஒவ்வொரு தொழிலாளியும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை நிலக்கரி வண்டியில் மாட்டிச் சுரங்கத்துக்கு வெளியே அனுப்புவார். அங்கே எடை போடுவது கம்பெனி ஆள். டன் என்றால் 2000 பவுண்டா, 2240 பவுண்டா என்பதை அவசியம் கவனியுங்கள். கல் கலந்திருக்கிறது என்று எடையைக் கழிப்பதும் உண்டு. 1912இல் பெயின்ட் க்ரீக், கேபின் க்ரீக் பகுதித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எடையைச் சரிபார்க்கத் தங்கள் சார்பில் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டது இதனால்தான்.

அப்புறம் பிடித்தங்கள்: வீட்டு வாடகை, மருத்துவர், விளக்குக்கான பொருள், கருவி தீட்டிய கூலி, வெடிமருந்து. கம்பெனிக்காகப் பாறையை உடைக்கும் மருந்தைக்கூடத் தொழிலாளியே காசு கொடுத்து வாங்கினார் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

'கடை' என்ற வரியில் நிதானமாக நில்லுங்கள். சம்பள நாளுக்கு முன்பே கேட்டால் ஸ்கிரிப் எனும் கம்பெனி நாணயம் தருவார்கள். அது பெரும்பாலும் கம்பெனிக் கடையில் மட்டுமே முழு மதிப்புக்குச் செல்லும். அந்தத் தொகையைக் கழித்த பிறகுதான் மிச்சம் தெரியும். பல சீட்டுகளில் அது பூஜ்யம். அடுத்தடுத்த சீட்டுகள் இருந்தால் பக்கத்தில் வைத்து, பழைய பாக்கி ஏறுகிறதா என்று பாருங்கள்.