திருமணம் ஆகாதவர் வீவக வீடு வாங்கும் வழி

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டும் அரசு வீட்டுக்கு அடிப்படை விதி, குடும்பமாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது: கணவன்-மனைவி, பெற்றோர்-பிள்ளை, அல்லது மணமுடிக்கப்போகும் ஜோடி. அந்த ஜோடியும் புது வீட்டின் சாவி வாங்கி 3 மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இதில் அடங்காத குடிமக்கள் பெரும்பாலும் 35 வயது வரை காத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவு 2023 ஜனவரியில் நீங்கியபின்பும், ஒரே பாலின இணையர் இவ்விதிகளின் கண்ணில் இரண்டு ஒற்றையர்தான். காதலிக்கும் இருவர் இளமை முழுக்க வாடகை அறையில் கழிப்பது அநியாயம். விதி மாறும்வரை, இருக்கிற வழியை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

முதலில் எச்எஃப்இ கடிதம், அதாவது வீடு வாங்கும் தகுதியை வீவக உறுதிசெய்யும் கடிதம், எடுங்கள். அது 9 மாதத்துக்குச் செல்லுபடியாகும். விற்பனை அறிவித்தபிறகு கேட்டால் கடிதம் வந்து சேர்வதற்குள் வாய்ப்பு போய்விடும்.

புது பிடிஓ வீடு (முன்பதிவுக்கேற்பக் கட்டப்படும் வீடு) என்றால் ஒற்றையருக்கு ஈரறை மட்டுமே. 2024 அக்டோபரிலிருந்து எல்லா வட்டாரத்திலும் கிடைக்கிறது. ஈரறை என்றால் ஒரு கூடம், ஒரே படுக்கையறை. அந்த அறையை வாடகைக்கு விட முடியாது; மூவறையும் அதற்கு மேலும் உள்ள வீடுகளில்தான் அது முடியும். கடன் கட்ட அறை வாடகையை நம்புகிறவர் மறுவிற்பனை மூவறை வீட்டைப் பார்க்கட்டும்.

மறுவிற்பனையில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இன விகிதாச்சாரம். ஒரு புளோக்கில் இந்தியர், பிற இனத்தவர் வரம்பு 15 விழுக்காடு. அது நிரம்பிவிட்டால், அதே பிரிவைச் சேர்ந்தவர் விற்கும் வீட்டை மட்டுமே நீங்கள் வாங்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீவக இணையத்தில் அந்த புளோக்கைத் தட்டிப் பாருங்கள்.

இருவராக வாங்க கூட்டு ஒற்றையர் திட்டம் உண்டு. நால்வர் வரை சேரலாம், ஒவ்வொருவருக்கும் 35 ஆகியிருக்க வேண்டும். ஒருவருக்கு 36, மற்றவருக்கு 33 என்றால் இந்த வழி இப்போதைக்கு அடைபட்டது.

பத்திரத்தில் உரிமையை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் அவசரப்படாதீர்கள். கூட்டுரிமை என்றால் ஒருவர் இறந்ததும் வீடு மற்றவருக்குப் போகும். பங்குரிமை என்றால் இறந்தவரின் பங்கு உயிலின்படி போகும். உயில் இல்லாவிட்டால் பெற்றோருக்கும், அவர்கள் இல்லையென்றால் உடன்பிறந்தோருக்கும். இணையருக்கு எதுவும் இல்லை. முஸ்லிம்களுக்கு வேறு சட்டம் என்பதால் வழக்கறிஞரிடம் தனியே கேளுங்கள். மத்திய சேம நிதிப் பணம், அதாவது சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் சேமிப்பு, உயிலில் அடங்காது. அதற்கு நியமனப் படிவத்தைத் தனியாக நிரப்ப வேண்டும். சாவி வாங்கும் வாரத்திலேயே அதை முடித்துவிடுங்கள்.