உடன்பிறந்தவர் ஏமாற்றிய பிறகு மனத்தைத் தேற்றிக்கொள்வது எப்படி

அண்ணனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட தங்கைக்கு, தவணை பல மாதங்களாக நின்றுபோன செய்தி பெரும்பாலும் வங்கியின் அறிவிப்புக் கடிதமாகவோ வசூலுக்கு வருபவரின் தொலைபேசி அழைப்பாகவோதான் வந்து சேர்கிறது. கூடவே வளர்ந்தவர் இத்தனை நாள் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே மறைத்தார் என்ற எண்ணம், கடன் தொகையைவிட அதிகமாக வலிக்கும். அந்த வலியிலிருந்து மீள நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் சில வாரங்களில் உறவை முறிப்பது, சொத்தைப் பிரிப்பது, ஊரைக் கூட்டிப் பேசுவது போன்ற எந்த முடிவையும் எடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக, வங்கிக்குச் சென்று கடன் கணக்கு விவரத்தையும் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. ஆனால் முறைப்படி நீங்கள் கட்டிய தொகையை அவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதற்கான வழக்கை, நீங்கள் பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். வழக்குப் போடுகிறீர்களோ இல்லையோ, கதவு திறந்திருக்கிறது என்று தெரிவதே இரவுத் தூக்கத்துக்குக் கொஞ்சம் உதவும்.

அண்ணன்மீது வரும் கோபம் வெளிப்படையானது, ஒருநாள் தணியவும் கூடும். "இதுகூடத் தெரியாமல் இருந்துவிட்டேனே" என்று தன்மீதே வரும் வெறுப்புதான் உள்ளுக்குள் தங்கி அரிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃபிரெய்ட் 1990-களில் இதைப் பற்றி முன்வைத்த விளக்கம் இங்கே பொருந்தும்: யாரைச் சார்ந்து வாழ்கிறோமோ அவர் செய்யும் துரோகத்தைக் கண்டுகொண்டால் அந்த உறவே ஆட்டம் கண்டுவிடும் என்பதால், மனம் அதன் அறிகுறிகளைப் பார்க்காமல் விட்டுவிடுகிறது. ஆகவே பழைய வாட்ஸ்அப் செய்திகளை நள்ளிரவில் திரும்பத் திரும்பப் படித்து, எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று தேடுவதை நிறுத்துங்கள். சான்றாகத் தேவைப்படுபவற்றை ஒருமுறை சேமித்து, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைத்தால் போதும்.

மனத்தில் சுழல்வதைத் தாளில் இறக்குவதும் பலன் தரும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய நிகழ்வைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாட்கள் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்தது; பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குச் சென்றது குறைந்தது. நீங்களும் எழுத்துப்பிழையைப் பாராமல் எழுதுங்கள்; யாருக்கும் அனுப்பாதீர்கள். எழுத எழுதத் தாங்கமுடியாமல் போனால் அன்றைக்கு விட்டுவிடலாம்.

நம் குடும்பங்களில் இதைவிடக் கடினமானது, சுற்றியிருப்பவர்களின் அவசரம். "ஒரே ரத்தம், விட்டுக்கொடுத்துப் போ" என்று அம்மா அழும்போது, அந்த அழுகைக்காகவே சமாதானமானதாக நடித்தால் காயம் உள்ளே புரையோடும். "அம்மா, அண்ணன்மேல் எனக்கு இருக்கும் பாசம் போகவில்லை; ஆனால் இப்போது அவரோடு பேச என்னால் முடியாது, எனக்கு நாள் வேண்டும்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். மன்னிப்பதும் மறுபடி நம்புவதும் வெவ்வேறு. மன்னிப்பது முழுக்க உங்கள் விருப்பம். நம்பிக்கையை அவர்தான் நடத்தையால் ஈட்ட வேண்டும். நடந்ததை மழுப்பாமல் ஒப்புக்கொள்கிறாரா, சிறிய தொகையானாலும் சொன்ன தேதியில் கொடுக்கிறாரா என்று மாதக்கணக்கில் பாருங்கள்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இனி வேறொருவர் கையெழுத்துக் கேட்டு வரும்போது நெஞ்சு படபடக்கலாம், அது இயல்புதான். "பத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள், படித்துப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் சொல்கிறேன்" என்று சொல்லிப் பழகுங்கள். கேட்பவர் யாராக இருந்தாலும் அதே பதிலைச் சொல்லுங்கள்.